அப்பாவின் மரத்தடியில் ஈரம்

ஹார்லோ லேக்,
1993 ஜூன் 28, திங்கள்.

அன்பு மகன் ரோலண்டுக்கு அம்மா எழுதுவது. நான் மூன்று வேளையும் சாப்பிட்டு, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன், நீ அந்த அலாஸ்காத் தண்ணீரில் பத்து விரலும் முழுசாக, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். உன் மீன் கம்பெனி ஆபீசுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். அங்கே இருக்கிற பெண் தன்மையானவள், "படகு கரைக்கு வர நாளாகும்மா, லெட்டர் எழுதுங்க, மீன் ஏத்தப் போற படகுல குடுத்தனுப்பறோம்" என்று சொன்னாள், அதனால் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி. நடுவில் கோபம் வரும், வந்தால் கசக்கி எறிந்துவிடாதே, கடைசி வரைக்கும் படி. உன் கோபம் எனக்குத் தெரியாதா, உன் அப்பாவிடமிருந்து நீ வாங்கியது அந்த மூக்கு ஒன்றுதான், கோபம் முழுக்க என்னுடையது.

இங்கே மே மாதம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. மக்காச்சோளம் விதைத்த வயலில் எல்லாம் வாத்து நீந்துகிறது. மிசிசிப்பி ஓரத்தில் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் போவதை டிவியில் ஓயாமல் காட்டுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு நம்மூரில் "நல்லவேளை, நமக்கு ஆறு இல்ல, ஏரிதான்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். உன் தங்கை நோரீனும் மாப்பிள்ளை டுவெய்னும் போன வருஷம் கீழ்த்தெருவில் வீடு வாங்கியதை எழுதியிருந்தேனே, ஏரிக்கரைக்கு நேர் கீழே, வரிசையில் மூன்றாவது வீடு. குழந்தை டெஸ்ஸாவுக்கு இப்போது நாலு மாதம், குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், அவளுக்கும் அதே மூக்குதான், பாவம். அவள் தூங்குகிற அறை ஜன்னலைத் திறந்தால் கரை தெரியும், கரைமேல் உன் அப்பாவின் மரம் தெரியும், தண்ணீர் மட்டும் தெரியாது, ஏனென்றால் தண்ணீர் அந்த ஜன்னலைவிட உயரத்தில் நிற்கிறது. பேஸ்மெண்டில் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற மோட்டார் இந்த மாதம் முழுக்க ஓய்ந்த நேரமே இல்லை. அந்த வீட்டில் பேசுகிற எல்லாப் பேச்சுக்கும் அடியில் அந்த மோட்டார் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கு அது பழகிவிட்டது, எனக்குப் பழகவில்லை.

ஏப்ரலில் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர்ப் பெண் வந்தாள். முழங்கால்வரை பூட்ஸ், கையில் நீளக் கம்பி, கரைமேல் போகவும் வரவுமாக நடந்து குத்திக் குத்திப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏம்மா, மண் கரை மேல போயி, தண்ணிய உறிஞ்சற இவ்ளோ வில்லோ மரத்த யாரு வச்சது?" என்று கேட்டாள். காபி கொடுத்து உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். 1920களில் ஒரு மனை வியாபாரி கோவேறு கழுதைகளைப் பூட்டி ஓடையை மறித்து மண்ணைக் கொட்டி இந்த ஏரியை உண்டாக்கியதையும், சிகாகோவிலிருந்து டிராம் ஓட்டுகிறவர்களும் கசாப்புக் கடைக்காரர்களும் கோடையில் வந்து தூண்டில் போடலாம் என்று கையகல மனை வாங்கியதையும், முப்பதுகளில் வேலையில்லாப் பஞ்சம் வந்து நகரத்து வீடு கைவிட்டுப் போனதும் அந்தக் கோடைக் குடிசையிலேயே அடுப்பை மூட்டிக் குடியேறியதையும், அதில் உன் தாத்தாவும் ஒருவர் என்பதையும் சொன்னேன். பக்கத்து மார்ஷ்ஃபோர்டு நகரம் நம்மை விழுங்கப் பார்த்தபோது ஊரே கூடி ஓட்டுப் போட்டுத் தனிக் கிராமம் ஆனோம், நமக்கென்று ஒரு தலைவர், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரே ஒரு போலீஸ்காரர், எல்லாம் வந்தது, கல்லறைக்கு மட்டும் நிலம் இல்லாமல் போயிற்று. உயிரோடு இருக்கும்வரை மார்ஷ்ஃபோர்டோடு மல்லுக்கட்டிவிட்டு, செத்ததும் அவன் மண்ணுக்குத்தான் போகவேண்டும் என்றால் எவனுக்குப் பொறுக்கும். உடம்பு அங்கே போனால் போகட்டும், ஆள் இங்கேயே இருக்கட்டும் என்று செத்தவர் ஒவ்வொருவர் பேரிலும் கரைமேல் ஒரு வில்லோ மரம் வைக்க ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் காபியைக் குடிக்கவே இல்லை. "வேரு தண்ணியத் தேடித்தான்மா போகும். அந்த வேரு செத்து மக்கிடுச்சுன்னா அந்த எடம் குழாய் மாதிரி ஆயிடும். தண்ணி அதுவழியா பூந்து கொஞ்சம் கொஞ்சமா மண்ண எடுத்துட்டு வந்துடும். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது" என்றாள். மரங்களை வேரோடு எடுத்துக் கரையைத் திரும்பக் கட்டும்வரை ஏரித் தண்ணீர் மட்டத்தை நாலு அடி இறக்கி வைக்கச் சொல்லி ஊருக்கு உத்தரவு போட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கியாவது தெளிவாக் கசிஞ்சா எனக்கு போன் பண்ணுங்க. கலங்கலா வந்தா போன் எல்லாம் பண்ணிட்டு நிக்காதீங்க, அன்னைக்கே ஏரிய எறக்குங்க" என்றாள்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள், நிற்க இடமில்லை. கிராமத் தலைவர் இப்போது ஸ்டான் வெசெலி, உனக்குத் தெரியும், உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர், கெட்ட மனுஷன் இல்லை, அவர் மனைவி டாட்டியின் மரமும் கரையில்தான் இருக்கிறது. உத்தரவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "ஏரிய எறக்கினா சேறும் நாத்தமும்தான் மிஞ்சும், வீட்ட எவன் வாங்குவான். மரம் ஊருக்குச் சொந்தமில்ல, அந்தந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பம் சம்மதிச்சா வெட்டலாம். யாராவது சம்மதிக்கிறீங்களா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு இர்மா எழுந்தாள். வியட்நாமிலிருந்து அவள் பையனை மூடிய பெட்டியில் கொண்டுவந்து, திறக்கக்கூடாது என்று சொல்லிப் புதைத்தார்களே, அவள், "எம்புள்ள மூஞ்சியக்கூட நான் தொடல. அந்த மரத்தத்தான் தொட்டிருக்கேன். அதையும் குடுன்னு கேக்க ஒங்களுக்கு எப்படிடா வாய் வருது?" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் யார் பேசுவார்கள். நான் எழுந்தேன். குழந்தையின் ஜன்னல்தான் கண்ணுக்குள் நின்றது. "எம்புருஷன் வில்பர் மரத்த எடுத்துக்குங்க, ஏரியையும் எறக்குங்க" என்றேன். பின்வரிசையிலிருந்து எவனோ, "பெர்னிஸ் புருஷன வெறகாக்கப் போறாடோய்" என்றான், கூடம் முழுக்கச் சிரிப்பு. உன் அப்பா இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார், பிறகு வீட்டுக்கு ஓடிப்போய் ரம்பத்தை எடுத்து வந்திருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள். ரோலண்ட், அந்த மரத்தை நடக் குழி வெட்டியவன் நீ. பதினாலு வயசுப் பையன், மண் உறைந்து கல்லாகக் கிடந்தது, உள்ளங்கை கொப்பளித்து ரத்தம் வந்தும் வேறு யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. அதை மறந்துவிட்டு நான் எழுந்து நிற்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், இங்கேதான் உனக்குக் கோபம் வரும், வரட்டும், திட்டிக்கொள், ஆனால் மேலே படி.

மற்ற யாரும் கொடுக்கவில்லை. ஒரே ஒரு மரத்துக்கு எந்திரம் கொண்டுவர முடியாது என்று ஸ்டான் எல்லாவற்றையும் கிடப்பில் போட்டுவிட்டார், ஏரியையும் இறக்கவில்லை. கெட்ட பேர் மட்டும் எனக்கு மிஞ்சியது. வெள்ளிக்கிழமை ஊர் மீன் வறுவல் விருந்துக்குப் போனால் என் மேஜையில் யாரும் உட்காருவதில்லை, நானும் முட்டைக்கோஸ் சாலட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். இர்மா வேலிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறாள், முப்பது வருஷம் சர்க்கரையும் முட்டையும் கைமாற்றிய வேலி அது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அதெல்லாம் போகட்டும், தாங்கிக்கொள்வேன். நோரீன் வந்து நின்றாளே, அதைத்தான் தாங்கமுடியவில்லை. ஒன்பது வயசில் தன் விளையாட்டு வாளியில் தண்ணீர் மொண்டு அந்த மரத்துக்கு ஊற்றியவள், கல்யாணப் போட்டோவையும் அதன் அடியில்தான் எடுத்துக்கொண்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று, "அப்பா செத்தப்ப நீ ஒரு சொட்டுகூட அழல. இப்ப அவரு மரத்தையும் வெட்டச் சொல்ற. ஒனக்கெல்லாம் நெஞ்சுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். நான் அழுதேன்டா. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும்போது அழுதேன், வீட்டில் அழுதால் நீங்கள் இரண்டு பேரும் பயந்துபோவீர்கள் என்று. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றோடு அவள் மேல்தெருவில் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள், குழந்தையையும் அனுப்புவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மரத்தைச் சுற்றிப் புல் வெட்டப் போனேன். கரையின் கீழ்ப்பக்கம், உன் அப்பா மரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று முழங்கால் உயரம் நின்றது. கால் வைத்தேன், செருப்பு உள்ளே போனது. விலக்கிப் பார்த்தால் விரல் பருமனுக்குத் தண்ணீர் குபுகுபு என்று வருகிறது, தெளிவாகத்தான் வந்தது. அன்றைக்கே மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டேன், அந்தப் பெண் உட்பட எல்லாரும் பெரிய ஆற்றங்கரையில் மணல்மூட்டை அடுக்கப் போயிருக்கிறார்கள், ஒரு வாரம் ஆகும் என்றார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அங்கே ஊரே மிதக்கிறது. சனிக்கிழமை மறுபடி போய்ப் பார்த்தேன். தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தது. அது வருகிற ஓட்டையைச் சுற்றி எறும்புப் புற்று வாய் மாதிரி மணல் வளையம் கட்டியிருந்தது. அந்தப் பொறியாளர்ப் பெண் சொன்ன கலங்கல் இதுதான்.

நேரே ஸ்டான் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்தேன். குனிந்து விரலை விட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், "இது ஊத்து, பெர்னிஸ். எங்கப்பா காலத்துலேருந்து இங்க எங்கியாவது ஊறிக்கிட்டுதான் இருக்கு" என்றார். கலங்கலாக வருகிறதே என்றேன். "மழ பெஞ்சா கலங்காதா?" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, டாட்டியின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கென்னவோ அவருக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. ஏரியை இறக்கும்யா என்று கெஞ்சினேன், நான் இப்படி யாரிடமும் கெஞ்சியதில்லை. "நாலாந்தேதி சுதந்திர தினப் படகு ஊர்வலம் முடியட்டும். மறுநாள் காலைல நானே ஆளுங்களக் கூட்டிட்டு வந்து மதகுப் பலகைய உருவறேன், சத்தியம்" என்றார். இதில் வேடிக்கையைக் கேள், போன வருஷம் அலங்காரப் படகுகள் சேற்றில் தட்டின என்று இந்த வருஷம் மதகில் கூடுதலாக இரண்டு பலகை போட்டு ஏரியை இன்னும் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். போட்டவன் யார் தெரியுமா, ஊர்வலக் கமிட்டித் தலைவர், நம் மாப்பிள்ளை டுவெய்ன். தன் மகள் தலைக்கு மேலே தானே தண்ணீரை ஏற்றி வைத்துவிட்டு விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறான். ஊறிப்போன பலகையை உருவ நாலு ஆம்பிளையும் இரும்புக் கொக்கியும் வேண்டும், என்னால் தனியாக முடிந்தால் உன்னிடம் புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா. கடைசியில் ஒரு காரியம் செய்தேன், இதை நம்மூர்க்காரர் யாரிடமும் உளறாதே, மார்ஷ்ஃபோர்டு தீயணைப்பு நிலையத்துக்கே போன் போட்டேன். உன் தாத்தாவுக்குத் தெரிந்தால் எழுந்து வந்து அடிப்பார். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், "நாங்க வரத் தயார்மா, ஆனா ஒங்க தலைவர் கையெழுத்து இல்லாம ஒங்க ஏரியில நாங்க கை வைக்க முடியாது. அப்படி எழுதி வாங்கினது நீங்கதான், நாப்பது வருஷமா அதுதான் ஒப்பந்தம்" என்றார். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று பூசை முடிந்ததும் ருபார்ப் இனிப்பு அப்பம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போனேன். மகள் வராவிட்டால் என்ன, நான் போகக்கூடாதா. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அடுத்த திங்கட்கிழமைவரை, அதாவது ஊர்வலம் முடிந்து பலகையை உருவும்வரை, மேலே என் வீட்டில் வந்து இருங்கள், குழந்தையையாவது கொடுங்கள் என்றேன். டுவெய்ன் அப்பத்தை வாயில் அடைத்துக்கொண்டு, "அத்தே, நீங்க வேணா எங்க பேஸ்மெண்ட்ல பைபிள்ல வர்ற மாதிரி ஒரு கப்பலக் கட்டி வச்சுட்டுப் போங்க. ஆடு மாடெல்லாம் ஜோடி ஜோடியா நான் பிடிச்சுத் தரேன்" என்று சிரித்தான். மனசில் கள்ளமில்லாத பையன், ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கொள்ள முடியவில்லை. நோரீன் சிரிக்கவில்லை. "மரத்த வெட்டணும்னு ஒரு முடிவோட இருக்க, அதுக்குதான் இந்த ஈரம், கசிவு, இந்தக் கதையெல்லாம். நான் குழந்தையத் தூக்கிட்டு மேல வந்தா, பாத்தியா பொண்ணே பயந்துட்டான்னு ஊர்ல சொல்லுவ" என்றாள். நான் அப்படிச் செய்கிறவளா, நீயே சொல். அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கரைமேல் உன் அப்பாவின் மரம் காற்றில்லாமலே கொஞ்சம் சாய்ந்து நிற்கிற மாதிரி எனக்குப் பட்டது. மாமியார் கண்ணுக்கு எல்லாம் கோணல் என்று டுவெய்ன் சொல்வான். குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வாங்கிக்கொண்டேன், என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். காலுக்கடியில் அந்த மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

ராத்திரி முழுக்க யோசித்தேன். மேலே வா என்றால் வராத பெண், இடம் கொடு என்று கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டாள், நான் பெற்றவள்தானே. இன்று காலை போன் போட்டு, என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, மெத்தையெல்லாம் நனைந்துவிட்டது, சரிசெய்யும்வரை உன் வீட்டில் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சுத்தப் பொய், கூரை கல்லு மாதிரி இருக்கிறது. டெஸ்ஸா சிணுங்குவது போனில் கேட்டது. அப்புறம், "வா. டெஸ்ஸா ரூம்லதான் எடம் இருக்கு, அவ அழுவா, பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றேன். பெட்டியில் இரண்டு கவுனும் உன் அப்பாவின் டார்ச் லைட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே இறங்கிப் போகிறேன். நீ கரைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்யவேண்டாம், முதலில் தங்கைக்குச் செய், சின்ன வயசிலிருந்தே அவள் உன் பேச்சு ஒன்றுக்குத்தான் கட்டுப்பட்டிருக்கிறாள். மரத்தை நீயும் கொடுத்துவிட்டதாகச் சொல், உனக்கு அப்படித் தோன்றாவிட்டாலும் சொல். அந்தப் போன் சரியான நேரத்தில் வரவேண்டும் என்று ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஈரக் காலுறையோடு தூங்காதே, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, படகில் கயிறு இழுக்கும்போது ஒரு கை உனக்கு, ஒரு கை வேலைக்கு. மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், நல்ல பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வந்து சேர். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பதில் எழுதினால் மேல்தெரு விலாசத்துக்கு எழுதாதே, கீழ்த்தெரு, நோரீன் வீடு என்று எழுது. என் கட்டிலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். படுக்கும்போது நான் செருப்பைக் கழற்றப்போவதில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா பெர்னிஸ்